முகம் பார்த்து வண்டி வாங்கலாமா?



எங்கள் ரிங்லெட் மேடுகளில் காய்கறி சுமந்து ஓடும் பழைய லேண்ட்ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அண்மையில் என் பழைய மாணவன் ஒருவன், தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தோடு அப்படியொரு வண்டி வாங்கப் புறப்பட்டான். துணைக்கு நானும் சென்றேன். வண்டியைப் பற்றி நன்கு அறிந்த இருவரும் வந்தார்கள்.

"இது சீரீஸ் 3தான்! விளக்கு மட்கார்டில் இருக்கிறதே," என்றார் டிரைவர் அண்ணன்.

"இல்லையண்ணே, 1969 வாக்கிலேயே 2ஏ வண்டிக்கும் விளக்கு அங்கே வந்துவிட்டது," என்றார் மெக்கானிக்.

"அப்படியானால் இந்த பிளாஸ்டிக் கிரில்?"

"கழற்றி மாட்டினால் போச்சு!"

வீண் சண்டை என்று எண்ணாதீர்கள். 1971 முதல் 1985 வரை வந்த சீரீஸ் 3-இல் நான்கு முன் கியர்களும் சத்தமின்றி விழும். 2ஏ-வில் முதல் இரண்டு கியர்களுக்கு அந்த வசதி கிடையாது. பாரத்தோடு மேடேறும்போது பழகாத கை தடுமாறும்.

இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, பையன் குனிந்தான். வலது முன் ஸ்பிரிங் பக்கம் சட்டத்தில் படிந்திருந்த சேற்றைத் துணியால் துடைத்து, அங்கிருந்த எண்ணை கிராண்டோடு ஒப்பிட்டான்.

"சார், இது 2ஏ!" என்றான். விலையைக் குறைத்துப் பேசி, விவரம் தெரிந்தே வாங்கினான்.

வாசகர்களே, முகத்தை மாற்றலாம். அடிச்சட்டத்து எண்ணை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.