பாலாற்றங்கரையில் கற்ற பாடம்

ஏற்காட்டில் தந்தையார் விட்டுச்சென்ற காப்பித் தோட்டத்தின் பாகம் குறித்து எனக்கும் தம்பிக்கும் நெடுநாள் மனத்தாங்கல். வழக்குத் தொடுப்பதென்று நான் முடிவு செய்திருந்த சமயம், உறவினர் இல்லத் திருமணத்துக்காக வேலூர் செல்ல நேர்ந்தது. கோட்டையில் ஜலகண்டேசுவரரைத் தரிசித்தபின் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குச் சென்றோம்.

அங்கே துயில்பவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரமராஜசிங்கர். மதுரை நாயக்கர் உறவுவழி வந்தவர், இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல் அரியணை ஏறினார்.

இலங்கைத் தீவின் கரையோரத்தைப் போர்த்துகீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அந்நியர் மாறிமாறி ஆண்டபோதும், மலைகள் சூழ்ந்த கண்டி பணியவில்லை. 1803இல் படையெடுத்து வந்த ஆங்கிலேயரும் தோற்றனர். அத்தகைய அரசு 1815இல் வீழ்ந்தது, மலை வழிவிட்டதால் அன்று, மனங்கள் பிரிந்ததால். முதன்மை அமைச்சராயிருந்த எஹலேபொல மன்னரோடு பகைத்து ஆங்கிலேயரிடம் சேர்ந்தார். மன்னரோ சினம் தாளாது அவருடைய மனைவி மக்களைக் கொல்வித்தார். பிழை இரு பக்கமும் இருந்தது. மார்ச் 2ஆம் நாள் பிரதானிகளே உடன்படிக்கையில் ஒப்பமிட, தீவு முழுதும் அந்நியர் வசமாயிற்று.

மன்னர் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832 ஜனவரி 30இல் மறைந்தார். அந்நியரை நம்பிய எஹலேபொலவும் பின்னாளில் அவர்களாலேயே மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். வென்றவர் இருவரில் ஒருவரும் இல்லை.

மன்னர் அக்கோட்டையில் வாழ்ந்த காலத்தில் ஜலகண்டேசுவரர் ஆலயத்திலும் மூலவர் இல்லை, பூசையும் இல்லை. 1981இல்தான் லிங்கத் திருமேனி மீண்டும் அங்கே எழுந்தருளியது. வெறுமையாய்க் கிடந்த கருவறையிலும் ஒருநாள் விளக்கேறுமாயின், இரு சகோதரர் இல்லங்களுக்கிடையே ஏறாதா என்று மனம் கேட்டது.

ஊர் திரும்பியதும் சேர்வராயன் மலை உச்சிக்குச் சென்றேன். குறுகிய அக்குகைக் கோயிலில் தலைகுனிந்து நின்றபோது, மலையே அரணென்றிருந்த மன்னர் நினைவுக்கு வந்தார். இறங்கி வரும் வழியில் தம்பி வீட்டு வாசலில் நின்றேன்.

"உள்ளே வாங்கண்ணா" என்றான்.

பாகம் இன்னும் பிரியவில்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கிறோம், இடையில் மூன்றாமவர் எவருமில்லை.