கெட்டில் இல்லாத வீடு

அக்டோபர் 4, ராலே, வட கரோலினா

லீட்ஸில் வீட்டைப் பூட்டிக் கிளம்பிப் பதினாறு மணி நேரம். வந்ததும் கேட்டது ஒரு டீ. தம்பி கப்பில் குழாய்த் தண்ணீர் பிடித்து மைக்ரோவேவில் வைத்தான்.

"கெட்டில் எங்கடா?"

"அதெல்லாம் வாங்கலக்கா."

பீப் கத்தியதும் டீப் பையை அதில் போட்டு, நூலைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டினான். மேலே வெளிறின நுரை. குடித்தேன். கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. குற்றம் தம்பியுடையது இல்லை, சுவரில் இருக்கும் பிளக்குடையது. எங்கள் ஊரில் 230 வோல்ட், கெட்டில் 3 கிலோவாட். ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் தளபுளவென்று கொதிக்கும். இங்கே 120 வோல்ட், கெட்டில் பெரும்பாலும் 1,500 வாட்டைத் தாண்டாது. அதே தண்ணீருக்கு நாலு நிமிடம். பாஸ்டன் துறைமுகத்தில் 1773-இல் தேயிலையைக் கடலில் கொட்டியதால்தான் அமெரிக்கர்கள் டீயை விட்டார்கள் என்று லீட்ஸில் யாராவது ஆரம்பித்தால், இனி இந்த வோல்ட் கணக்கை எடுத்து வைப்பேன்.

அக்டோபர் 5

காலையில் தம்பி மகளிடம் கணக்கைச் சொன்னேன். பன்னிரண்டு வயது. கேட்டுவிட்டு, "காபி மெஷினும் அதே பிளக்தானே அத்தை?" என்றாள். மெஷின் பக்கத்தில் கொடகொடவென்று காபி இறக்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 7

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு டைனர். 'பிஸ்கட்' வந்தது. லீட்ஸில் பிஸ்கட் என்றால் டீயில் முக்குவது. ஒரு நொடி கூடப் போனால் உடைந்து கப்பின் அடியில் உட்கார்ந்துவிடும். இங்கே அது உள்ளங்கை அகலத்தில், சுடச்சுட, பிட்டால் ஏடு ஏடாகப் பிரியும் பன். அதன் மேல் பன்றி சாஸேஜ் உதிர்த்த வெள்ளை கிரேவி. பார்க்கச் சுவருக்குப் பூசுகிற பசை. வாயில் வைத்தால் மிளகும் வெண்ணெயும். தட்டைக் காலி செய்தேன் என்பதை லீட்ஸில் யாரிடமும் சொல்வதாக இல்லை.

உட்கார்ந்த நிமிடமே ஐஸ் மிதக்கும் தண்ணீர், கேட்காமலே. காபி பாதி இறங்கியதும் பரிமாறும் பெண் வந்து நிரப்புகிறாள், அதுவும் கேட்காமலே. என்ன உபசாரம் என்று நினைத்தேன். பில்லோடு தம்பி 20 சதவீதம் டிப்ஸ் எழுதினான். டிப்ஸ் வாங்கும் வேலைக்கு மத்திய சட்டப்படி முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அதே தொகை. இந்த மாநிலத்திலும் அதுதான். மீதிச் சம்பளம் மேசையிலிருந்து வர வேண்டும். அதற்கப்புறம் அந்தக் காபியை அதே மாதிரிக் குடிக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் 2009 முதல் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதனால்தானோ என்னவோ, தட்டை வைத்துவிட்டுப் போனால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரே ஒரு தடவை வருவார்கள், வாய் நிறையச் சாப்பாடு இருக்கும்போது. "எல்லாம் நல்லா இருக்கா?" இறைச்சி செருப்புத்தோலாக இருந்தாலும் இங்கிலாந்துக்காரர் "லவ்லி" என்பார். கதவைத் தாண்டிய பிறகுதான் மனைவியிடம் புலம்பல். இங்கே பக்கத்து மேசைக்காரர் ஆம்லெட் வேகவில்லை என்று சிரித்தபடியே திருப்பி அனுப்பினார். யார் முகமும் சுருங்கவில்லை.

அக்டோபர் 9

கடையில் வாங்கிய முட்டையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டேன். பார்த்ததும் தம்பி பதறிக்கொண்டு ஃப்ரிட்ஜில் வைத்தான். இங்கே முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். கழுவும்போது ஓட்டின் மேலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சு போய்விடும். பிறகு குளிரில் வைத்தே ஆக வேண்டும். பிரிட்டனில் முதல் தர முட்டையைக் கழுவவே கூடாது. சில சமயம் ஒரு சிறகு ஒட்டிக்கொண்டு வரும், கடைத் தட்டில் சும்மா அடுக்கியிருக்கும்.

அந்த நிம்மதி சும்மா வந்ததில்லை. 1988 டிசம்பரில் எட்வினா கரி என்ற இளநிலை சுகாதார அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லா தொற்றோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். முட்டை விற்பனை படுத்தது. இரண்டே வாரத்தில் அவர் பதவியும் போனது. அதன் பிறகுதான் கோழிக்கே தடுப்பூசி. 1998 முதல் ஓட்டில் சிவப்புச் சிங்க முத்திரை. ஒரு நாடு முட்டையைக் கழுவுகிறது, இன்னொன்று கோழிக்கு ஊசி போடுகிறது.

மருமகளுக்கு 'சோல்ஜர்ஸ்' காட்ட ஆசை: டோஸ்ட்டை விரல் அகலத்துக்கு நறுக்கி, அரைவேக்காட்டு முட்டையின் மஞ்சளில் தோய்ப்பது. வீட்டில் முட்டைக் கிண்ணம் என்ற பொருளே இல்லை. காபி டம்ளருக்குள் துணி சுற்றி முட்டையை நிறுத்தினேன். தலையைத் தட்டித் திறந்ததும் மஞ்சள் வழிந்தது. தம்பி, "கொஞ்சம் வேகட்டுமே அக்கா" என்றான். அதற்குள் அவள் இரண்டாவது சிப்பாயை இறக்கிவிட்டாள்.

அக்டோபர் 12

பக்கத்து வீட்டில் பார்பிக்யூ. நாள் பூராவும் புகையில் வெந்த பன்றி இறைச்சி, வினிகர் தெளித்து. கூடவே பீன்ஸ், பேக்கனும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு, கிட்டத்தட்டப் பாயசம். எங்கள் ஊரில் இது தக்காளிச் சாற்றில் மிதக்கும், டோஸ்ட் மேல் ஊற்றி ராச்சாப்பாடாகவே முடித்துவிடுவார்கள். ஹைன்ஸ் பீன்ஸ் டப்பாவை இங்கிலாந்தின் சொத்து என்று சத்தியம் செய்யும் லீட்ஸ்காரர்களை எனக்குத் தெரியும். கம்பெனி அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் பிறந்தது. 1886-இல் லண்டன் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடைக்கு வந்தது, பணக்காரர் வாங்கும் பண்டமாக.

மீந்ததை ஆளுக்கொரு டப்பாவில் கட்டிக் கொடுத்தார்கள். ஓட்டலிலும் இப்படித்தான். லீட்ஸில் என் பக்கத்து வீட்டம்மா ஒரு நாளும் கட்டித் தரச் சொல்லிக் கேட்கமாட்டார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவும் மாட்டார். அவர் பள்ளிப் பிள்ளையாக இருந்ததெல்லாம் ரேஷன் காலம். 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலை 4-ஆம் தேதிதான் முடிந்தது. இன்னும் வெண்ணெயை ரொட்டியின் மேல் தடவிவிட்டு, அதே கத்தியால் பாதியை வழித்து எடுப்பார்.

அக்டோபர் 15

இரவுச் சாப்பாட்டில் மருமகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, பட்டாணியை ஏன் ஃபோர்க் முதுகுல ஏத்துறீங்க?"

அவள் கறியை வெட்டுகிறாள், கத்தியைக் கீழே வைக்கிறாள், ஃபோர்க்கை வலது கைக்கு மாற்றிச் சாப்பிடுகிறாள். மறுபடி இடது கை, மறுபடி கத்தி. நான் மாற்றுவதே இல்லை. இடது கையில் முள் கீழ்நோக்கி, அதன் முதுகில் பட்டாணி. முதல் வருடம் அலுவலக கேன்டீனில் அக்கம்பக்கம் பார்த்துக் கற்றது. எத்தனை பட்டாணி உருண்டு ஓடியிருக்கும் அப்போது. இப்போது கேள்வி கேட்டால்தான் நினைவு வருகிறது.

அக்டோபர் 24, லீட்ஸ்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கஃபே. தண்ணீர் கேட்டு வாங்கினேன், வெதுவெதுப்பாக வந்தது. ஐஸ் கிடைக்குமா என்று கேட்டதற்கு அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு கட்டி வந்தது. டீயும் வந்தது, ஆறிப்போய்.

பாதி கேக் வாயில் இருக்கும்போது திரும்பி வந்து, எல்லாம் நல்லா இருக்கா என்றாள்.

"லவ்லி" என்றேன்.