கொளத்தூர் மாடியில் குமிழி விடும் வாளி

வண்ணமீன் கடைகளுக்குப் பேர்போன கொளத்தூரில், மீன் தொட்டிக்கு வாங்கும் காற்று மோட்டார் ஒன்று செடிகளுக்காக ஓடிக்கொண்டிருக்கும் மாடிக்குப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பழுப்பு நிறத் தண்ணீர் அடியிலிருந்து மேல்வரை புரண்டுகொண்டிருந்தது. ஓரத்தில் மெல்லிய நுரை. மண்புழு உரத்தின் நுண்ணுயிர்களைத் தண்ணீரில் பெருக்கிச் செடிகளுக்கு ஊற்றும் கரைசல் அது.

"இது நேத்து சாயங்காலம் போட்டது தம்பி. இன்னிக்குச் சாயங்காலம் ஊத்திடுவேன்" என்றார் வீட்டுக்கார அம்மா. எப்படித் தொடங்குகிறார் என்று பார்க்கக் கேட்டேன். உடனே இன்னொரு வாளியை இழுத்து வைத்தார்.

அதில் 15 லிட்டர் தண்ணீர் இருந்தது. குழாயில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தது. "குளோரின் போகணும். கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து, நாம வளர்க்கிற உயிரை மட்டும் விட்டுவைக்குமா?" மழை பெய்யும் மாதங்களில் இந்த வேலையே இல்லை, பிடித்து வைத்த மழைநீரே போதும் என்றார்.

அடுத்தது மண்புழு உரம். தொட்டியைத் திறந்து ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். கறுப்பாக, ஈரப்பதமாக, துளி நாற்றம் இல்லாமல் இருந்தது. எல்லாம் இந்தப் பிடியில்தான் இருக்கிறது. உரத்தில் இல்லாத நுண்ணுயிர் தண்ணீரில் எங்கிருந்தும் வந்துவிடாது. அரைகுறையாக மக்கிய குப்பையைப் போட்டால் அதன் கெடுதலும் சேர்ந்தே பெருகும். அரைக் கிலோ உரத்தைப் பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டார். பிறகு 2 தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை. அவ்வளவுதான்.

சர்க்கரையில் கைதாராளம் கூடாது. இனிப்பு கூடினால் பாக்டீரியா மளமளவென்று பெருகி, மோட்டார் தரும் காற்றைவிட வேகமாக ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்த தண்ணீரில் வேறு கூட்டம் குடியேறும். அழுகல் வாடை கிளம்பும். உரத்தில் ஈ. கோலை போன்ற கிருமி கொஞ்சம் ஒட்டியிருந்தால், அதுவும் இந்த இனிப்பில் பெருகக்கூடும்.

நம் வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் உயிர்களின் பசியோ கூடும். இப்படிக் காற்று விட்டு உரக்கரைசல் தயாரிப்பது அமெரிக்க மண் நுண்ணுயிரியல் அறிஞர் எலைன் இங்காம் போன்றவர்கள் பரப்பிய முறை. குளிர்நாட்டுக்காரர்கள் ஒன்றரை நாள்கூட ஓட்டுவார்கள். சென்னையில் நிழலில் வைத்து 24 மணி நேரத்தோடு நிறுத்துவதே சரி என்று எனக்குப் படுகிறது.

மோட்டாரைச் சுவரில் ஓர் ஆணியில், வாளியின் நீர்மட்டத்துக்கு மேலே மாட்டியிருந்தார். கரண்ட் போனால் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னுக்கு ஏறி மோட்டாரைக் கெடுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. டியூப் நுனியில் காற்றுக்கல் இரண்டு. ஒன்று நடுவில், ஒன்று துணி முடிச்சுக்கு நேர் கீழே.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் தயாரிக்கும் நம் விவசாயிகள் கம்பு விட்டுக் கலக்குவார்கள். அவை நொதிக்கும் கரைசல்கள். இங்கே காற்று ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது.

வெயில் தாழ்ந்ததும் பழைய வாளியை முகர்ந்து பார்க்கச் சொன்னார். காட்டு மண்ணின் வாசம். சாக்கடை வாடை வந்திருந்தால் ஊற்றாமல் கொட்டிவிடுவாராம். மோட்டாரை நிறுத்தியதும் வடிகட்டி, பூவாளியில் கத்தரிக்கும் தக்காளிக்கும் வேரடியில் ஊற்றினார். எடுத்து வைத்து நாளைக்கு ஊற்றும் பொருள் அல்ல இது. காற்று நின்ற சில மணி நேரத்தில் பயன்படுத்திவிட வேண்டும். துணியில் மிஞ்சிய உரம் ஒரு முருங்கைத் தொட்டிக்குப் போனது. வாளி, டியூப், கல் மூன்றையும் அப்போதே தேய்த்துக் கழுவினார். வழவழப்பு படிந்துவிட்டால் அடுத்த முறை அதுவே கேடு.

"இதனால காய் கூடுதா அம்மா?"

"உரமே போடாத தொட்டியில இதை மட்டும் ஊத்தினா ஒண்ணும் ஆகாது தம்பி. மண்ணு நல்லா இருந்தா இது கூட நிக்கும்."

நேர்மையான பதில். நோய் தடுக்கும் என்ற பேச்சுக்கு ஆய்வுகளில் ஒரே மாதிரியான முடிவு கிடைக்கவில்லை. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் வெறும் தண்ணீருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. இதில் உள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் கொஞ்சம்தான். ஆகவே முதலில் நல்ல உரம் செய்யப் பழகுங்கள், மோட்டார் பிறகு வாங்கலாம். கொத்தமல்லி, புதினா என்று பச்சையாகத் தின்னும் எதன் இலையிலும் இதைத் தெளிக்காதீர்கள். மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.