தியாகராஜருக்கு ஆப்பிரிக்கத் தாளம்!

விருதுநகர், சிவகாசிப் பக்கமிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சை வேட்டி, முன்னால் ஒரு வண்டி, வண்டியின் மேல் குழாய் ரேடியோ, காது கிழிய முருகன் பாட்டு. மல்லாங்கிணற்றில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம்.

அதே முருகனை லண்டன் மேடையில் எலெக்ட்ரிக் கிதாரோடு ஒரு தமிழ்ப் பெண் பாடுகிறார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் சுஷீலா ராமன்.

பெற்றோர் தஞ்சாவூர்த் தமிழர்கள். சுஷீலா 1973இல் லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தார். வீட்டில் கர்நாடக சங்கீதம், வெளியில் ராக், ஃபங்க். அங்கே வளரும் நம் பிள்ளைகள் பலர் ஒரு கட்டத்தில் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவார்கள். இவர் இரண்டையும் விடவில்லை. கிதார் கலைஞர் சாம் மில்ஸோடு சேர்ந்து 2001இல் 'சால்ட் ரெயின்' ஆல்பத்தை வெளியிட்டார். இங்கிலாந்தின் மெர்க்குரி பரிசுக்கு அந்த வருடம் பரிந்துரைக்கப்பட்ட ஆல்பங்களில் அதுவும் ஒன்று. தியாகராஜரின் 'நகுமோமு'வும், மைசூர் வாசுதேவாச்சாரியாரின் 'மாமவது'வும், அவரே எழுதிய ஆங்கிலப் பாட்டும் ஒரே ஆல்பத்தில்! பின்னால் வாசித்தவர்களில் ஆப்பிரிக்கக் கலைஞர்களும் உண்டு.

அடுத்து 2003இல் 'லவ் ட்ராப்'. இதில் டிரம்ஸ் வாசித்தவர் நைஜீரியாவின் டோனி ஆலன். ஃபெலா குட்டியோடு சேர்ந்து 'ஆஃப்ரோபீட்' என்ற இசையையே உருவாக்கியவர் அவர் (2020இல் காலமானார்). இரண்டு கை, இரண்டு கால், நான்கும் நாலு வழியில் போகும். ஆனால் தாளம் தப்பாது. ஆல்பத்தின் தலைப்புப் பாடல் எத்தியோப்பியப் பாடகர் மஹ்மூத் அஹ்மதின் மெட்டு. அது நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. எத்தியோப்பிய இசையில் ஐந்து சுர அளவைகள்தான் அதிகம். நம் மோகனமும் இந்தோளமும் ஐந்து சுரம்தானே!

"கீர்த்தனையைக் கெடுக்கிறார், உச்சரிப்பு சரியில்லை" என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உச்சரிப்புக் குறையை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கலப்பதே தப்பு என்றால், வயலின் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் இன்று கச்சேரி மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். 'வேர்ல்ட் மியூசிக்' என்பது இசையின் பெயரே அல்ல, அது ஒரு கடை அலமாரியின் பெயர். 1987இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் சில சிறிய ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் கூடினார்கள். ஆப்பிரிக்க, ஆசிய ரெக்கார்டுகளைக் கடையில் எங்கே அடுக்குவது என்பதுதான் பிரச்சனை. அதற்கு முந்தைய வருடம்தான் பால் சைமன் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு செய்த 'கிரேஸ்லேண்ட்' வந்து உலகமெங்கும் விற்றிருந்தது. சந்தை தயார், பெயர்ப்பலகைதான் இல்லை. அன்று மாட்டிய பலகையின் கீழேதான் சுஷீலாவும் நிற்க வேண்டியிருந்தது. லண்டனில் பிறந்து ஆங்கிலத்தில் பாட்டு எழுதினாலும் அவர் 'உலக' அலமாரிதான்!

2011இல் வந்த ஆல்பத்தின் பெயர் 'வேல்'. இதில் அவர் கீர்த்தனையை விட்டு முருகன் பக்திப் பாட்டுகளுக்கு வந்தார். சபா இல்லாத ஊர்களில் கேட்கும் பாட்டுகள் அவை. நம் குழாய் ரேடியோ பாட்டுகள்!

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. டோனி ஆலனின் டிரம்ஸை உலகமே மரியாதையோடு கேட்டது. நம் ஊர்ப் பொங்கலுக்கு விடிய விடிய உறுமியும் பறையும் அடிக்கிறவருக்கு என்ன மரியாதை? சாமி வருவதற்கு அவர் தாளம் வேண்டும். சாப்பிட மட்டும் கடைசிப் பந்தி, சில இடங்களில் அதுவும் வெளியே. தாளத்துக்கு அலமாரி கட்டியது லண்டன் கடைக்காரர்கள் மட்டும் அல்ல.

சுஷீலாவின் பாட்டு எல்லோருக்கும் பிடிக்காது. பரவாயில்லை, ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அடுத்த திருவிழாவில் உறுமிக்காரர் பக்கத்திலும் கொஞ்ச நேரம் நின்று கேளுங்கள். அவர் பெயரையும் கேளுங்கள்.