மலைவீடும் அதன் தண்ணீரும்



ஓய்வுபெற்றபின் டம்போரின் மலையில் ஒரு வீடு வாங்கவேண்டும் என்னும் எண்ணம் பிரிஸ்பேனில் வாழும் நம்மவர் பலருக்கு உண்டு. அவ்விருப்பத்தில் குறை காண நான் இதை எழுதவில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. தொன்மையான எரிமலைக் குழம்பு தந்த செம்மண்ணில் அவகாடோ செழித்து வளர்கிறது. குயின்ஸ்லாந்தின் முதல் தேசியப் பூங்கா 1908இல் அறிவிக்கப்பட்டதும் அம்மலையிலேதான்.

ஆயினும் அங்கே வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது தண்ணீர்த் தாங்கியையே. அம்மலையில் பொதுக் குழாய்நீர் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்குக் கூரையில் விழும் மழையே குடிநீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர் கிடைக்கும். 200 சதுர மீட்டர் கூரை, 25 மில்லிமீட்டர் மழையில் 5,000 லீற்றர் தரும். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் அள்ளிக் குளித்த நமக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். வானம் கொடுப்பதை அளந்து வாழும் வாழ்க்கை நமக்குப் புதிதன்று.

2023ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா இரவில் அம்மலையைப் பெரும்புயல் தாக்கியது. மரங்கள் முறிந்து கூரைகள்மீது விழுந்தன, பாதைகள் அடைபட்டன, பல நாள்கள் மின்சாரம் இல்லை. கணவரை இழந்து தனியே வாழும் நம் சகோதரி ஒருவரின் வீடும் அங்கேதான் உள்ளது. பின்னர் அவர் என்னிடம் சொன்னார்: “சுவாமி, தாங்கி நிறையத் தண்ணி இருந்தது. ஆனா பைப்பிலை ஒரு சொட்டும் வரேல்லை. கரண்ட் இல்லாட்டி மோட்டர் ஓடாதே.”

அடுத்த வீட்டுக்காரர் வாளால் மரத்தை அறுத்து வழி செய்தார். தாங்கியின் அடியிலிருந்த திருகுகுழாயைத் திறந்து, வாளி வாளியாக நீர் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை அவ்விருவரும் கையசைப்போடு கடந்துசென்றவர்களே.

பாறைமீது கட்டப்பட்ட வீட்டைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதில் ஒன்றைக் கவனியுங்கள். மழையும் காற்றும் இரண்டு வீடுகளையும் தாக்குகின்றன. அறிவுள்ளவருக்குப் புயல் வராது என்று இயேசு வாக்களிக்கவில்லை. அவருடைய சொல்லைக் கேட்டு அதன்படி நடப்பவரின் வீடு விழாது என்றே சொன்னார். நடப்பது என்றால் என்ன? அன்று அந்த அயலவர் சுமந்த வாளியும் அதுவே என்பேன்.

இப்போது அச்சகோதரியின் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டுத் தங்களுடன் வரும்படி வற்புறுத்துகின்றனர். அவர்களுடைய அச்சம் நியாயமானது. கணவர் நட்ட மரங்களை விட்டுவர அவருக்கு மனமில்லை, அதுவும் நியாயமானதே. இதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. பிள்ளைகளாகிய உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தொலைபேசியில் முடிவெடுக்காதீர்கள். இரண்டு இரவு அந்த வீட்டில் தங்குங்கள். அம்மா எந்த நேரத்தில் எழும்புகிறார், யாருடன் பேசுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள். அதன்பின் அவரிடமே கேளுங்கள்.

மற்ற அனைவருக்கும்: புயற்காலம் மீண்டும் வருகிறது. மலையில் தனித்து வாழும் நம் முதியோரின் வீடுகளுக்கு ஒரு முறை சென்று வாருங்கள். பீலியில் அடைந்த இலைகளை அகற்றுங்கள். தாங்கியின் திருகுகுழாய் கையால் திறபடுகிறதா என்று பாருங்கள். அயலவரின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழிதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். புறப்படுமுன் அவர்களோடு சேர்ந்து ஒரு செபமாலை சொல்லுங்கள். உடன்வர விரும்புவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் என்னைச் சந்திக்கலாம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் பங்குத்தந்தை