நான்காம் பக்கம்

2022 ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு அந்த அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பெயர் வேண்டாம், நாவலாசிரியர் என்றால் போதும். ஏழு வருடம் எழுதிய நாவல். விலை 350 ரூபாய். முதல் பதிப்பு 300 படி அச்சிட்டதில் ஒரு வருடத்தில் 140 போயிருந்தது. பத்து சதவீத ராயல்டி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4,900 ரூபாய். அந்தத் தொகையை எழுதிவிட்டுச் சற்று நேரம் நான் தலைநிமிரவில்லை.

கைபேசியைத் திறந்து என்னிடம் நீட்டினார்கள். ஒரு வாசகர் குழுவில் அதே நாவல், அட்டை முதல் அட்டை வரை பி.டி.எஃப் ஆகக் கிடந்தது. நாலாயிரம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "அய்யா, உங்கள் சேவை தொடரட்டும்." "ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன், நன்றி அய்யா." நன்றி எல்லாம் ஏற்றியவருக்கு. எழுதியவர் பெயரைச் சொன்னவர்கள் இரண்டே பேர்.

ஏற்றியவரைக் கண்டுபிடிக்கச் சிரமமே படவில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தில் தன் பெயர், ஊர், கைபேசி எண் எல்லாம் போட்டு, "வேறு நூல்கள் வேண்டுவோர் தொடர்புகொள்ளவும்" என்று எழுதியிருந்தார். முப்பது வருட வக்கீல் தொழிலில் குற்றத்தின் கீழே முகவரி போட்டுக் கையெழுத்திட்டவரை நான் பார்த்ததில்லை. தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை என்பது அப்போதே புரிந்தது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த வருடம் மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் நிட் புரோ வழக்கில், இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. பதிப்பாளர் போலீசுக்குப் போகலாம் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. "என் புத்தகத்தைப் படிச்சவரை நானே ஸ்டேஷன்ல உக்கார வைக்கவா?" என்று கேட்டார்கள்.

ஆகவே சிவில் வழக்கு. உரிமையாளர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 62ஆம் பிரிவு இடம் தருகிறது. பாளையங்கோட்டையில் தாக்கல் செய்து இடைக்காலத் தடை வாங்கினேன்.

முதல் வாய்தாவுக்குப் பிரதிவாதி வக்கீல் வைக்காமல் தானே வந்தார். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். துணிப்பையில் அந்த நாவல் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய படி. வராந்தாவில் என்னிடம் வந்து, "வக்கீல் சார், நான் ஒத்தப் பைசா வாங்கலை" என்றார். உண்மைதான். மூன்று ராத்திரி உட்கார்ந்து கைபேசியிலேயே ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் எடுத்திருக்கிறார். "எங்க ஊர் நூலகத்துல இது இல்லை. பக்கத்து டவுன்ல புத்தகக் கடையே இல்லை. பொன்னியின் செல்வன் எல்லார் போன்லயும் இருக்குதே, அது மட்டும் சரியா?"

அந்தக் கதை படமாக வந்து இரண்டு மாதம்கூட ஆகாத சமயம் அது. அதை எழுதிய கல்கியின் நூல்கள் நாட்டுடைமை. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து அரசு பொதுவாக்கியவை. கல்கி காலமானது 1954இல், அதற்குப் பிறகான 60 ஆண்டுப் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. யாரும் பகிரலாம். ஆனால் கையில் வரும் கோப்பைப் பார்த்தால் எது பொது, எது ஒருத்தர் பிழைப்பு என்று வாசகருக்குத் தெரிவதில்லை. இரண்டும் ஒரே குழுவில், ஒரே மாதிரிதான் வருகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

"புத்தகத்தை இரவல் கொடுக்கிறதில்லையா சார்?" என்றும் கேட்டார். கொடுக்கிறோம். ஆனால் இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வரும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாத ஒருவர் கடைக்குப் போவார். பி.டி.எஃப்பில் அந்தக் காத்திருப்பே இல்லை.

நாலாயிரம் பேரும் வாங்கியிருப்பார்கள் என்று நீதிமன்றத்தில் வாதாட எனக்கு மனம் வரவில்லை. அது பொய். ஆனால் பாக்கி 160 படி குடோனில் கிடந்ததால் அம்மாவின் அடுத்த நாவலை எடுக்கப் பதிப்பாளர் தயங்கினார். ஒரு ஐம்பது பேர் வாங்கியிருந்தால் அந்தத் தயக்கம் இருந்திருக்காது. நான் கண்ட நஷ்டம் அதுதான்.

அந்தக் கோப்பைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த கட்டிலிருந்து நான்காம் பக்கத்தை எடுத்துத் தமிழாசிரியரிடம் காட்டினேன். "உரிமை ஆசிரியருக்கே. அனுமதியின்றி எவ்வடிவிலும் மறுபதிப்புச் செய்யக்கூடாது." பக்கத்தை அழுத்திப் பிடித்த அவருடைய இடது கட்டைவிரல் ஓரத்தில் பதிவாகியிருந்தது, நகத்தில் கறுத்த கோட்டோடு.

"இதையும் ஸ்கேன் எடுத்திருக்கீங்களே சார், படிச்சீங்களா?"

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பக்கமும் விட்டுப்போகக் கூடாதுன்னு எடுத்தேன். இது எனக்குச் சொன்னதுன்னு தோணலை" என்றார். குரல் தழுதழுத்தது. அதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

சற்றுத் தள்ளி பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர் போய்க் கும்பிட்டு, பையிலிருந்த நாவலை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. எந்த அத்தியாயத்தில் அழுதேன் என்று சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டார்கள். "நல்லாப் படிச்சிருக்கீங்க சார். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்கள்.

அடுத்த வாய்தாவில் கூட்டு மெமோ தாக்கல் செய்து சமரசத் தீர்ப்பாணை பெற்றோம். நஷ்டஈடு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். கோப்பை நீக்க வேண்டும், காரணத்தைக் குழுவில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அறிவிப்பை அவரே எழுதி வந்தார்: "ஆசிரியர் மனம் வருந்துவதால் இந்நூலை நீக்குகிறேன்." அம்மா என் பேனாவை வாங்கி 'மனம் வருந்துவதால்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'அனுமதி பெறாததால்' என்று எழுதினார்கள். வாக்கியம் இடித்தது. தமிழாசிரியர்தான் அதைச் சரிசெய்தார்.

அன்று சாயங்காலம் குழுவைப் பார்த்தேன். அறிவிப்பின் கீழே முதல் பதில்: "அய்யா, எனக்கு மட்டும் தனியாக அனுப்பிவிடுங்கள்." அதற்குத் தமிழாசிரியர் பதிப்பகத்தின் எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் விலையையும் எழுதியிருந்தார்.