எங்கள் வீட்டுப் பழைய கார்

"அந்தக் காலத்து வண்டிபோல் இனி வருமா?" என்று பெருமூச்சு விடாத பெரியவர்கள் நம் பங்குகளில் அரியர். ஞாயிறு காலை கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும்போது புதிய கார் ஒன்றின் கதவு சாத்தப்படும் ஓசை கேட்டால் போதும், "வெறும் தகரம்!" என்பார் ஒருவர். "எங்கள் அப்பாவின் கார்க் கதவைச் சாத்தினால் தெருமுனை வரை கேட்கும்" என்று மற்றொருவர் தொடங்கிவிடுவார். அந்த மற்றொருவராக நாங்களே பன்முறை இருந்திருக்கிறோம். ஆதலின் இங்கே எழுதப்போவதில் எங்களை நாங்களே கடிந்துகொள்ளும் பகுதியும் உண்டு.

நாங்கள் என்றால் அண்ணன், தம்பி இருவர். திண்டுக்கல்லில் ஒரே மதிலுக்குள் இரண்டு வீடுகள், நடுவில் அம்மா. மண்டி வைத்திருந்த எங்கள் தந்தையார் 1984-ஆம் ஆண்டு ஓர் அம்பாசிடர் கார் வாங்கினார். அந்நாளில் நம் நாட்டில் கார் வாங்க விரும்புவோருக்குத் தேர்ந்தெடுக்கப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாயில் செய்யப்பட்ட பியட், நம் சென்னையிலேயே சில காலம் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஆகியவற்றோடு பட்டியல் முடிந்தது. 1983 டிசம்பரில்தான் மாருதி வந்தது. அம்பாசிடரோ இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சு. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரை, முகமும் இன்ஜினும் சிற்சில முறை மாறினாலும் உருவம் மாறாமல் வந்துகொண்டிருந்தது.

வெண்ணிற வண்டி அது. உறவினர் வீட்டுத் திருமணங்களில் மணமக்களைக் கோவிலுக்கு ஏற்றிச் சென்றதும் அதுவே. நள்ளிரவில் பிரசவ வேதனையோடு துடித்த அண்டை வீட்டுப் பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே. அதன் கிலோமீட்டர்க் கணக்குக் கருவியில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999-ஐத் தாண்டியதும் எல்லாம் பூச்சியமாகிவிடும். அவ்வாறு அது மூன்று முறை பூச்சியமானதை நாங்கள் கண்டிருக்கிறோம். முதல் முறை அப்பா வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, எங்கள் இருவரையும் முன்னால் அழைத்து, "பாருங்கடா, வண்டி மறுபடி பிறந்துவிட்டது" என்றார்.

அப்பா 2015-இல் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் அந்தக் கார் எங்களுக்கு ஊர்தியாக இல்லை. அவரே வாசலில் நிற்பதுபோல் இருந்தது. விற்பது பற்றிய பேச்சே எழவில்லை.

2022-ஆம் ஆண்டு மே மாதம், பள்ளி விடுமுறையில், குடும்பத்தோடு சிறுமலைக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா முன்னிருக்கையில், தம்பியின் ஒன்பது வயது மகள் பின்னிருக்கையில். அந்த மலைப்பாதையில் பதினெட்டுக் கொண்டைஊசி வளைவுகள். பாதி வழி இறங்கியிருப்போம். பிரேக்கை மிதித்த அண்ணனின் கால், தடையே இல்லாமல் தரையைத் தொட்டது. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமாக இருந்த மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். பின்னிருக்கையில் பெல்ட் கிடையாது. குழந்தையின் நெற்றி முன்னிருக்கையின் விளிம்பில் மோதி மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. அம்மா அன்று வீடு வந்து சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள், அப்பாவின் காலத்திலிருந்தே வண்டியைப் பார்த்துவரும் மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். வீல் சிலிண்டருக்குள் இருக்கும் சிறு ரப்பர் கிண்ணம் பொரிந்து கிழிந்து, எண்ணெய் முழுவதும் ஒழுகியிருந்தது. பழைய கார்களில் பெரும்பாலும் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழிதான்; ஓரிடத்தில் ஒழுகினால் நான்குமே கைவிட்டுவிடும். இக்காலக் கார்களில் அதை இரண்டு தனி வழிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் மற்றொன்று இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும். "இந்த ரப்பரை எப்போது மாற்றினீர்கள், தம்பி?" என்று கேட்டார் மேஸ்திரி. எங்களுக்குத் தெரியவில்லை. "அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள்" என்றார்.

அப்படி ஒரு புத்தகம் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும், திறந்து பார்த்ததில்லை. அலமாரியில், வண்டியின் பத்திரங்களுக்கு அடியில், அட்டை கிழிந்த மூன்று பள்ளிக்கூட நோட்டுகள் இருந்தன. அன்றிரவு இருவரும் உட்கார்ந்து படித்தோம். எங்கள் வாழ்நாள் முழுவதும் கோவில் முற்றத்தில் நாங்கள் பேசிவந்த பெருமை, பக்கத்துக்குப் பக்கம் கரைந்தது.

"இன்ஜினில் கையே வைத்ததில்லை" என்று நாங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! அப்பாவின் கணக்குப்படி இன்ஜினை முழுதாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டது மூன்று முறை: 1993, 2003, 2012. நாங்கள் விடுதியிலும் பின்னர் வெளியூர் வேலையிலும் இருந்த காலம் அது. கிங்பின் மாற்றியது ஆறு முறை. கால் வைக்கும் தரைத் தகடு துருப்பிடித்து, வெட்டியெடுத்து வேறு தகடு ஒட்டிய டிங்கர் வேலை நான்கு முறை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றம். இடையிடையே "கிரீஸ் அடித்தது", "பாயிண்ட் தேய்த்தது", "பிளக் துடைத்தது" என்ற வரிகள் எண்ணிலடங்கா. பிரேக் ரப்பர்கள் கடைசியாக மாற்றிய தேதி 2013 அக்டோபர். அவர் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் எழுதிய வரியோடு மூன்றாவது நோட்டு நின்றுவிட்டது. அதற்குப் பின் வெற்றுத் தாள்கள்.

உழைத்தது கார் என்று நினைத்திருந்தோம். உழைத்தவர் அப்பா. நாங்கள் ஏழாண்டுகள் அந்த உழைப்பின் மிச்சத்தில் ஓட்டியிருக்கிறோம்.

அந்த இரவுக்குப் பிறகு, பழைய வண்டி உண்மையிலேயே புதியதைவிட நீடித்து உழைக்குமா என்ற கேள்வி எங்களை விடவில்லை. மேஸ்திரியிடமும், தானியங்கி ஊர்திப் பொறியியல் கற்பிக்கும் நண்பரிடமும், நூல்களிலும் கேட்டறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

தம்பியிடம் 2012-இல் வாங்கிய சிறிய கார் ஒன்று இருக்கிறது. இதுவரை ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இன்ஜினைத் திறந்ததேயில்லை. இது தனி அதிர்ஷ்டம் அன்று. பழைய இன்ஜினில் கார்புரேட்டர் என்ற கருவி காற்றையும் பெட்ரோலையும் ஏறக்குறைய ஒரு குத்துமதிப்பில் கலந்தது. காலைக் குளிரில் சோக்கை இழுத்தால் மிகுதியான பெட்ரோல் உள்ளே பாய்ந்து, சிலிண்டர்ச் சுவரில் படிந்துள்ள எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெயற்ற சுவரில் உராயும் பிஸ்டன் ரிங் தேயும். இப்போது மின்னணுக் கருவி ஒவ்வொரு துளியையும் அளந்து தெளிக்கிறது. எண்ணெயும் மாறிவிட்டது, அன்று மூவாயிரம் கிலோமீட்டரில் கெட்டுப்போனது, இன்று பத்தாயிரம் வரை தாங்குகிறது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பிளக்கில் படிந்து தொல்லை கொடுத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. (அந்த ஈயமே பழைய இன்ஜின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஒரு மெத்தையாகவும் இருந்தது, அது நின்றபோது பழைய வண்டிக்காரர்கள் பட்ட பாடு வேறு கதை.) உடற்கூட்டை முழுவதுமாகத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் உதவியால் பூச்சு ஏற்றுகிறார்கள், துத்தநாகம் பூசிய தகடுகளும் பயன்படுகின்றன. துரு எளிதில் தொடுவதில்லை.

கார்களின் வயதைக் கணக்கெடுத்துவரும் அமெரிக்க நாட்டின் செய்தி இதற்குச் சான்று. அங்கே சாலையில் ஓடும் கார்களின் சராசரி வயது 1970-இல் ஆறு ஆண்டுக்கும் குறைவு. 2024-இல் பன்னிரண்டரை ஆண்டுக்கும் மேல். அப்படியானால், பழையவை நீடித்தன என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது? தப்பிப் பிழைத்தவற்றை மட்டுமே நாம் காண்கிறோம். நூறாண்டு வாழ்ந்த ஒரு பாட்டியைக் காட்டி, அக்காலத்தார் எல்லாரும் திடகாத்திரமாய் வாழ்ந்தனர் என்போர், கல்லறைத் தோட்டத்தில் அதே ஆண்டுகளைத் தாங்கி நிற்கும் குழந்தைகளின் சிறு சிலுவைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் காரோடு பிறந்த கார்கள் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போய் முப்பது ஆண்டுகளாகிவிட்டன.

பராமரிப்பால் ஒரு வண்டியை எதுவரை கொண்டு செல்லலாம் என்பதற்கும் அமெரிக்காவிலேயே எடுத்துக்காட்டு உண்டு. இர்வ் கார்டன் என்ற அறிவியல் ஆசிரியர் 1966-இல் ஒரு வால்வோ கார் வாங்கி, 2018-இல் தாம் இறக்கும் வரை அதையே ஓட்டினார். 2013-இல் அது முப்பது இலட்சம் மைலைக் கடந்தது. ஏறத்தாழ நாற்பத்தெட்டு இலட்சம் கிலோமீட்டர். அந்த இன்ஜினும் பிரித்துக் கட்டப்பட்டதே. அவர் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை: கையேட்டில் சொன்னதைச் சொன்ன நாளில் செய்தார். எங்கள் அப்பாவின் இனத்தவர் என்று நினைத்துக்கொண்டோம்.

இவ்வளவும் சொன்னபின், புதியவற்றின் பக்கமே நாங்கள் முழுமனத்தோடு சாய்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சென்ற மழைக்காலத்தில், தம்பி பணிபுரியும் அலுவலகத்து நண்பரின் காருக்குள் மழைநீர் புகுந்தது. எட்டே ஆண்டு வண்டி. இன்ஜினுக்கு ஒரு குறையுமில்லை. இருக்கைக்கு அடியிலிருந்த ஒரு மின்னணுப் பெட்டி மட்டும் நனைந்து போயிற்று. அந்த மாதிரிக் காரின் உற்பத்தி நின்றுவிட்டதாகவும், அப்பெட்டி இனி வராது என்றும் பணிமனையில் சொல்லிவிட்டார்கள். நல்ல இன்ஜினும் நல்ல உடலுமாக அந்தக் கார் எடைக்குப் போயிற்று. எங்கள் மேஸ்திரி, பழைய காரின் எந்த உறுப்பையும் கடைசலில் கொடுத்து வாங்கிவிடுவார். புதிய காரைத் திறந்து பார்த்து, "இதில் என் கைக்கு வேலையில்லை" என்பார். பழைய கார் அடிக்கடி நோயுறும், ஆனால் அதற்கு மருத்துவம் உண்டு. புதியது அரிதாகவே நோயுறும், சிலவேளை அதற்கு மருந்தே கிடைப்பதில்லை. இதில் நமக்கு நியாயமான மனக்குறை உண்டு. உறுப்புகளை நெடுங்காலம் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளர்களின் கடமை என்றே கருதுகிறோம்.

ஆயினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது உழைப்புக் கணக்கு அன்று. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் 2009-இல் ஒரு சோதனை நடத்திற்று. 1959-இல் செய்யப்பட்ட ஒரு செவர்லே காரையும், 2009-இல் செய்யப்பட்ட ஒரு செவர்லே காரையும் மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டார்கள். அதன் படக்காட்சியை நண்பர் எங்களுக்குக் காட்டினார். கனத்த இரும்பால் ஆன பழைய கார் வெல்லும் என்றே நாங்கள் எண்ணினோம். பழைய காரின் முன்பகுதி ஓட்டுநர் இருந்த இடம் வரை மடிந்தது. அதிலிருந்த பொம்மை மனிதனாயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான். புதிய காரின் முன்பகுதி நொறுங்கியது. உட்கூடு அப்படியே நின்றது. அந்தப் பொம்மைக்குக் காலில் சிறு காயம் மட்டுமே. நொறுங்குவதற்கென்றே அந்த முன்பகுதி அமைக்கப்பட்டிருக்கிறது. மோதலின் வேகத்தை அது தின்றுவிடுகிறது. நொறுங்காத வண்டியில் அந்த வேகத்தை உள்ளிருப்போர் உடலே தாங்க வேண்டும். கோவில் முற்றத்தில் "தகரம்" என்று நாங்கள் இகழ்ந்தது இதைத்தான். படத்தை இரண்டாம் முறை போடும்படி அண்ணன் கேட்கவில்லை. அவர் பார்வை எங்கள் குழந்தையின் நெற்றித் தழும்பில் இருந்தது.

2024-இல் காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய முறை வந்தது. பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019-இல் அறுநூறு ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ஐயாயிரமாகியிருந்தது. பணம் பெரிதன்று. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதே எங்கள் கவலை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அம்மாவே கேட்டார்:

"என்னடா, வண்டியை விற்கப்போகிறீர்களா?"

"விற்கவில்லை அம்மா. ஓட்டவும் வேண்டாம் என்று..."

"சிறுமலையில் இறங்கிய அன்றே நான் அதை முடிவு செய்துவிட்டேன். நீங்கள் சொல்லட்டும் என்று இருந்தேன்" என்றார்.

பதிவை இரத்துச் செய்துவிட்டு, நண்பர் கற்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வண்டியைக் கொடுத்தோம். நோட்டுகள் மூன்றையும் மாணவர்கள் கேட்டார்கள். படியெடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தை அம்மா வைத்துக்கொண்டார். இன்ஜினைப் பிரித்த மாணவர்கள், மூன்று முறை கடைந்த சிலிண்டரில் மேலும் கடையக் கனமில்லை என்று கண்டு, உள்ளே ஸ்லீவ் அடித்து மறுபடி பூட்டினார்கள். சென்ற ஜனவரியில் ஒரு நாள், ஓடவிடப்போகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அம்மாவைத் தம்பியின் காரில் அழைத்துச் சென்றோம்.

மூன்றாம் முயற்சியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மாணவர்கள் கை தட்டினார்கள். அம்மா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் நின்ற பையனை அழைத்தார்.

"தம்பி, டாப்பெட் சத்தம் அதிகமாக இருக்கிறது. சரி செய்துவிடுங்கள். இவர்கள் அப்பா இருந்தால் இப்படி விடமாட்டார்."